ஏலமலை ஈரத்தில் ஓர் இருசக்கர ரோபோ

வீட்டில் கட்டி ஓட்டும் பொழுதுபோக்கு ரோபோவின் பராமரிப்பைப் பற்றிச் சமவெளியில் எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் தூசியையே பகையாகக் கொள்கின்றன. இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவை அடுத்து, கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே அமைந்த சாந்தன்பாறையில் அக்குறிப்புகள் பாதியளவுகூடப் பயன்படுவதில்லை. இங்கு பகை ஈரம். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியது முதல் செப்டம்பர் முடியும்வரை சாரலும் மூடுபனியும் மாறிமாறி நின்று, கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் காயாமலும், ஜாடியில் உப்பு கசிந்தும், அலமாரிக்குள் வைத்த தோல்பை பூசணம் பூத்தும் கிடக்கும் வீடுகளில், மின்னணுப் பொருள் மட்டும் தப்பிவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. நிழலும் ஈரமும் ஏலச்செடிக்கு உயிர். அதே ஈரம் ரோபோவின் உலோக முனை ஒவ்வொன்றையும் மெல்ல அரிக்கிறது. ஆகவே, ஒரு பருவமழைக் காலம் முழுவதும் இவ்வூர் வீடொன்றின் கூடத்திலும் சமையற்கட்டிலும் ஓடிய ரோபோவை முன்வைக்கும் இம்மதிப்பீட்டில், அதன் வேகமும் திறனும் பின்னுக்குப் போய், ஒரே குறை முன்னுக்கு வந்து நிற்கிறது: அதன் கம்பி இணைப்புகள் இந்த ஈரத்தைத் தாங்குவதில்லை.

ரோபோவின் உறுப்புகள் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விரிக்க வேண்டியதில்லை. அக்ரிலிக் தகட்டுத் தளம், மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, அவற்றுக்கு மின்சாரம் பகிரும் எல்298என் மோட்டார் டிரைவர், மூளையாக ஆர்டுயினோ யூனோ போர்டு, தரையிலுள்ள கறுப்புக் கோட்டைக் கண்டறியும் இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள், எதிரேயுள்ள தடையை அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சார், அதைத் திருப்பும் எஸ்ஜி90 செர்வோ, 18650 அளவுள்ள லித்தியம் செல் இரண்டு. இவையே முழுக் கணக்கு. கேரளப் பொதுக்கல்வியின் தொழில்நுட்ப அமைப்பான 'கைட்' 2022 டிசம்பரில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆர்டுயினோவை மையமாகக் கொண்ட 9,000 ரோபோட்டிக் கிட்களை வழங்கத் தொடங்கியதும், 2025 ஜூனில் தொடங்கிய கல்வியாண்டில் ரோபோட்டிக்ஸ் பத்தாம் வகுப்பின் தகவல்தொழில்நுட்பப் பாடநூலிலேயே இடம்பெற்றதும், அப்பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்துடன் தமிழிலும் வெளிவருவதும் இம்மலைப்பகுதிக்குப் பெரிய மாற்றம். தோட்டத் தொழிலாளர் லயக் குடியிருப்புகளிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளை வகுப்பில் தொட்டுப் பார்த்ததை வீட்டிலும் கட்டிப் பார்க்க விரும்புகிறது. பூப்பாறையிலோ நெடுங்கண்டத்திலோ கிடைக்காத உறுப்பு தபாலில் வருகிறது, அல்லது போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போகும் உறவினர் கையில் வந்து சேர்கிறது. கட்டுவதைக் கற்றுத்தரும் நூலும் காணொளியும் ஏராளமாக இருக்க, கட்டியதை மழைக்காலம் தாண்டி உயிரோடு வைத்திருப்பதற்கான வழிகாட்டல் மிகக் குறைவு.

குறையை நெருங்கிப் பார்க்க ஒரே ஒரு ஜம்பர் ஒயர் போதும். ஜம்பர் ஒயர் என்பது இரு முனையிலும் கறுப்புப் பிளாஸ்டிக் உறை பொருத்திய மெல்லிய கம்பி. ஒரு முனையில் ஊசியும் மறுமுனையில் துளையும் இருக்கலாம். துளையுள்ள முனையின் பக்கவாட்டில் தெரியும் சிறு பிளாஸ்டிக் நாக்கைக் குண்டூசியால் தூக்கி உறையை உருவினால், மெல்லிய தகட்டை மடித்துச் செய்த சதுரக் கூடு வெளிப்படும். அதனுள் வளைந்து நிற்கும் தகட்டிதழ்தான் 0.64 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஊசியைக் கவ்விப் பிடிக்கிறது. ரோபோவின் ஒவ்வொரு கட்டளையும் இந்தக் கவ்வலைக் கடந்தே போக வேண்டும். பருவமழைக்குப் பின் பிரித்த ஒயரை உருப்பெருக்குக் கண்ணாடியில் வைத்தால் மூன்று மாற்றங்கள் தெரிகின்றன. தகட்டிதழின் தொடுமுனையில் சாம்பல் கறுப்பாக ஒரு புள்ளி படிந்திருக்கிறது; கம்பியைத் தகட்டோடு நெரித்துப் பிடித்த இடத்தில் செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது; பலமுறை மாட்டிக் கழற்றிய கூட்டில் இதழ் தளர்ந்து ஊசியை உரசாமலே விட்டுவிடுகிறது. மலிவான ஒயர்களின் ஊசியைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது இரும்பு, மேலே இருப்பது மிக மெல்லிய முலாம் என்பதற்கு அதுவே சான்று, அம்முலாம் கீறிய இடத்தில் துரு புறப்படுவதற்கு இவ்வூரின் ஒரு வாரச் சாரல் போதும்.

இந்தச் சாம்பல் புள்ளியின் பிறப்பை விளக்குவது அவசியம், ஏனெனில் அது வெறும் அழுக்கு அன்று. இணைப்பு முனைகள் பலவற்றின் மேல் பூசப்படும் தகரம் மென்மையான உலோகம். காற்றுப்பட்டதும் அதன்மேல் கடினமான ஆக்சைடுப் படலம் ஒன்று உருவாகிறது. ஊசியைக் கூட்டுக்குள் அழுத்தி நுழைக்கும்போது அப்படலம் உடைந்து அடியிலுள்ள தூய உலோகம் ஒன்றையொன்று தொடுவதால், புதிதாக மாட்டிய இணைப்பு நன்றாக வேலை செய்கிறது. பின்னர் மோட்டார் ஓடும் அதிர்விலும், பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிருக்கும் ஏற்ப உலோகம் விரிந்து சுருங்குவதிலும் இரு பரப்புகளும் கண்ணுக்குத் தெரியாத அளவில் முன்பின் நகர்கின்றன. ஒவ்வொரு நகர்விலும் புதிய உலோகம் வெளிப்பட்டு, அதுவும் ஆக்சைடாகி, அந்தத் துகள்கள் தொடுமிடத்திலேயே குவிந்து மின்சாரத்தை மறிக்கின்றன. பொறியாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கும் இந்நிகழ்வை உராய்வரிப்பு எனலாம். அசையாமல் மேசையில் கிடக்கும் கருவியில் இது மெதுவாகவும், ஓடுவதே தொழிலான ரோபோவில் விரைவாகவும் நிகழ்கிறது. அதன்மேல் கைவியர்வையின் உப்பும் விறகடுப்புப் புகையும் ஈரத்தோடு சேர்ந்து படியும்போது அரிப்பு இன்னும் முன்னேறுகிறது.

கேடு அத்தோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இணைப்பு கெட்டது இணைப்புக் கேடாகத் தோன்றாமல் நிரல் பிழையாகத் தோன்றுவதே இக்கருவியின் மிகப் பெரிய தீங்கு. சென்சாரிலிருந்து வரும் ஒயர் உள்ளே விட்டுப்போனால் ஆர்டுயினோவின் உள்ளீட்டு முனை பூச்சியம் என்றும் படிப்பதில்லை, ஒன்று என்றும் நிலையாகப் படிப்பதில்லை. மிதக்கும் முனை எனப்படும் அந்நிலையில் அது சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு மனம்போனபடி மாறுகிறது. ரோபோ நேர்கோட்டை விட்டு இடப்பக்கம் திரும்பும், காரணமின்றி நிற்கும், மறுகணம் சரியாக ஓடும். அதைக் கட்டிய பிள்ளை நிரலைத் திறந்து எண்களை மாற்றுகிறது. தற்செயலாக ஒயர் அசைந்து ரோபோ ஓடிவிட்டால் மாற்றிய எண்ணே தீர்வு என்று நம்பிவிடுகிறது. அடுத்த நாள் அதே கோளாறு திரும்பும்போது, சரியாக இருந்த நிரல் முழுவதையும் சந்தேகிக்கத் தொடங்குகிறது. காரணகாரியத்தைக் கற்றுத்தர வேண்டிய கருவி காரணகாரியத்தையே குழப்புகிறது என்பது சிறிய குற்றச்சாட்டு அன்று.

கிரவுண்ட் கம்பி, அதாவது பேட்டரியின் எதிர்முனையை எல்லாப் போர்டுகளுக்கும் பொதுவாக்கும் கம்பி, இவ்வகையில் இன்னும் மோசமானது. தொடுமிடத்தில் ஒரு ஓம் தடை மட்டும் ஏறியிருக்க, அதன் வழியே அரை ஆம்பியர் பாய்ந்தால் அரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். மோட்டார் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆர்டுயினோவின் பூச்சிய அளவே இடம்பெயர்ந்து சென்சாரின் எண்கள் ஆடும், செர்வோ நடுங்கும், சில வேளை போர்டு தானே மறுதொடக்கம் ஆகும். லூஸ் காண்டாக்ட் என்று எலக்ட்ரீஷியன் ஒரே சொல்லில் முடித்துவிடும் கோளாறு இதுதான். வீட்டு விளக்கில் அது ஒரு மினுக்கலோடு வெளிப்பட்டுவிடுகிறது, ரோபோவில் மட்டும் வேறு வேடங்களில் வருகிறது.

இக்கோளாறைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் தேவை. ரோபோவுக்குச் செலவிடும் பணத்தில் முதல் பங்கு அதற்கே போக வேண்டும். ஒயரைக் கழற்றிவைத்து ஒலியெழுப்பும் தொடர்ச்சிச் சோதனை மட்டும் செய்தால் பல கெட்ட ஒயர்கள் தேறிவிடும், ஏனெனில் சில பத்து ஓம் தடை இருந்தாலும் மீட்டர் ஒலித்துவிடுகிறது. சரியான சோதனை, ஒயரைப் பூட்டிய நிலையிலேயே, மோட்டார் சுமையோடு ஓடும்போது, பேட்டரியின் எதிர்முனைக்கும் ஆர்டுயினோவின் கிரவுண்ட் ஊசிக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பது. நல்ல இணைப்பில் அது சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டுவதில்லை, கெட்ட இணைப்பில் நூறுகளில் ஏறி, ஒயரை விரலால் தட்டும்போது துள்ளுகிறது. நிரலிலும் ஒரு தற்காப்பு உண்டு. உள்ளீட்டு முனையை அறிவிக்கும் வரியில் யூனோவின் உள்ளேயே இருக்கும் மேலிழுப்புத் தடையை இயக்கிவிட்டால், ஒயர் விட்டுப்போனதும் முனை மிதக்காமல் எப்போதும் 'உயர்' நிலையிலேயே நின்றுவிடும். ரோபோ ஒரே பக்கம் விடாமல் சுற்றும். மனம்போனபடி நிகழ்ந்த கோளாறு நிலையான கோளாறாக மாறுவதால் எந்த ஒயர் குற்றவாளி என்பது அப்போதே தெரிந்துவிடும். தொடக்கநிலை நூல்கள் பலவும் இவ்வரியைப் பொத்தான் அழுத்தும் பாடத்தில் மட்டும் சொல்லிவிட்டுச் சென்சார் பாடத்தில் விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

சுத்தம் செய்யும் முறைக்கு வந்தால், முதலில் செல்களைக் கழற்றிவிட வேண்டும் என்பது கேள்விக்கு அப்பாற்பட்டது. போர்டின் மேலுள்ள தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டிவிட்டு, கறை படிந்த இடங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். 99 விழுக்காட்டுத் தூய்மையுள்ளதே வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கி மீந்துபோன கைச்சுத்திகரிப்புத் திரவம் பல வீடுகளில் இதற்குப் பயன்படுகிறது, அது பெருந்தவறு. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையிலேயே கை வறண்டுபோகாமலிருக்க 1.45 விழுக்காடு கிளிசரால் சேர்க்கப்படுகிறது; ஆல்கஹால் ஆவியான பின்னும் கிளிசரால் போர்டின் மேல் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வறண்ட ஊரில் இதன் தீங்கு தெரியாமல் போகலாம். சாந்தன்பாறையில் அது அரிப்புக்கு விதை ஊன்றுவதாகும். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பானும் இங்கு ஆகாது, எண்ணெய்ப் படலம் இணைப்புக்குள் தூசியைச் சேர்த்து வைக்கும். மின்இணைப்புத் தூய்மைத் தெளிப்பான் என்று தனியே விற்பதே உகந்தது. தளமாகிய அக்ரிலிக் தகட்டில் ஆல்கஹால் படவே கூடாது, ஏனெனில் திருகு முறுக்கிய துளைகளைச் சுற்றி ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் தகடு ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல்களாக வெடிக்கும். பிழிந்த சோப்புத்தண்ணீர்த் துணியே அதற்குப் போதும். ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் விறகடுப்பும் கேஸ் அடுப்பும் எரியும் சமையற்கட்டில் இவ்வேலையைச் செய்யக்கூடாது.

இணைப்பு ஊசிகளை பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் படலம் போகும், உப்புத்தாளால் தேய்த்தால் முலாமே போய்விடும். கழற்றிக் கழற்றி மாட்டினால் ரோபோ ஓடுகிறது என்று பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்திருக்கும் வைத்தியமும் பொய்யன்று, நுழையும் ஊசி படலத்தைச் சுரண்டுவதால் தொடுகை மீள்கிறது. ஆனால் ஒவ்வொரு மாட்டலிலும் இதழ் தளர்கிறது என்பதால் அது கடன் வாங்கிக் கடனடைப்பதைப் போன்றது.

இதனால் இம்மதிப்பீடு எட்டும் முடிவு கண்டிப்பானது. பிரெட்போர்டு, அதாவது சால்டரிங் இல்லாமல் உறுப்புகளைச் செருகிச் சுற்று அமைக்க உதவும் துளைப்பலகை, கற்கும் காலத்துக்கு உரியது. சுற்று இன்னதுதான் என்று உறுதியான பின்னும் அதை ரோபோவின் முதுகில் ஒட்டி வைத்திருப்பதற்கு இவ்வூரில் எந்த நியாயமும் இல்லை. மழைக்கு முன்பே சுற்றை டாட் போர்டில், அதாவது உறுப்புகளைச் சால்டரிங் செய்து பொருத்தும் துளைப்பலகையில், ஈயம் வைத்து நிலைப்படுத்திவிட வேண்டும். கழற்ற வேண்டிய இடங்களில் மட்டும் பூட்டு நாக்கு உடைய ஜேஎஸ்டி வகை இணைப்பியையும், ஆர்டுயினோவுக்குத் அதன்மேல் செருகும், திருகு முனைகள் கொண்ட ஷீல்டு போர்டையும் பயன்படுத்தலாம். ஈயம் வைத்தபின் எஞ்சும் பசையை ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, இணைப்பிகளையும் சென்சார் கண்களையும் டேப்பால் மறைத்துவிட்டுப் போர்டின் அடிப்புறத்தில் அக்ரிலிக் காப்புத் தெளிப்பு கொடுத்தால் மழைக்காலம் முழுதும் அந்தப் பரப்பு மாறாமல் இருக்கும். அவ்வாறு மாற்றிக் கட்டிய ரோபோவின் நடத்தை வேறு கருவியோ என ஐயுறும் அளவுக்குச் சீராகிறது. திரும்பச் சொன்னால் திரும்புகிறது, நிற்கச் சொன்னால் நிற்கிறது, தவறு நேர்ந்தால் அது உண்மையிலேயே நிரலின் தவறாக இருக்கிறது. கிட் விற்போர் வண்ண வண்ணமாய் நாற்பது ஜம்பர் ஒயர்களை அடுக்கிக் கொடுப்பதற்குப் பதில் அதே விலையில் பத்து நல்ல இணைப்பிகளைக் கொடுத்தால் எத்தனையோ ரோபோக்கள் பெட்டிக்குள் உறங்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

குறையைச் சொன்ன அளவுக்கு நிறையையும் சொல்ல வேண்டும், அது யூனோவைச் சார்ந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோ, தன் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்ததால்தான் இன்று இம்மலைவீடு வரை வந்திருக்கிறது. வழக்கமான யூனோவில் ஏடிமெகா328பி என்னும் சில்லு ஈயம் வைத்து ஒட்டப்படாமல் சாக்கெட்டில் அமர்ந்திருக்கிறது. மின்னலோ தவறான இணைப்போ அதைக் கொன்றுவிட்டால், தட்டையான திருப்புளியால் இருபுறமும் சிறிது சிறிதாக நெம்பி எடுத்துவிட்டு, நிரலை ஏற்றிக்கொள்ள உதவும் பூட்லோடர் மென்பொருள் ஏற்றிய வேறு சில்லைப் பொருத்திவிடலாம், போர்டை எறிய வேண்டியதில்லை. இதன் அருமை, மூடிய ரோபோக்களின் கதையோடு வைத்துப் பார்க்கும்போது விளங்கும். சோனி நிறுவனம் 1999இல் வெளியிட்ட ஐபோ நாய்க்குட்டி ரோபோவின் உற்பத்தி 2006இல் நின்றது, பழுதுபார்க்கும் சேவையும் 2014இல் முடிந்தது. அதன்பின் உறுப்புகள் கிடைக்காமல், ஓடாத ஐபோக்களிலிருந்து உறுப்புகளைக் கழற்றி ஓடக்கூடியவற்றுக்குப் பொருத்த முன்னாள் பணியாளர்கள் முன்வர, கொடையாக வந்த ஐபோக்களுக்கு ஜப்பானின் சிபா மாநிலத்துக் கோஃபுகுஜி பௌத்தக் கோயிலில் இறுதிச் சடங்குகளும் நடந்தன. யூனோவின் உரிமையாளருக்கு அந்நிலை நேராது. எந்த உறுப்பும் தனியே கிடைக்கும், எந்த நிறுவனத்தின் முடிவும் அதைச் சாகடிக்காது. பராமரிப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைப்பது இத்தகைய கருவியில்தான், அந்த மதிப்பு ஜம்பர் ஒயரால் கெடுவதே மேலே காட்டிய சினத்துக்குக் காரணம்.

சென்சார்களில் அகச்சிவப்பு வகையே அதிகக் கவனம் கேட்கிறது. அருகருகே அமைந்த ஒளியுமிழியும் ஒளியுணரியும் தரையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் குனிந்து பார்ப்பதால், சமையற்கட்டில் ஓடும் ரோபோவில் விறகுப்புகையின் கரிப்பிசின் அவற்றின்மேல் பழுப்புப் படலமாகப் படிந்து, வெள்ளைத் தரையையும் கறுப்புக் கோடாகக் காட்டிவிடும். குளிர்ந்த அறையிலிருந்து அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்த உடனே நிகழ்வது வேறு. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டுப் பனித்துளியாகப் படிவதால் சென்சார் மங்குகிறது, கால்மணி நேரம் காத்திருந்தால் தானே தெளிகிறது. இரண்டையும் பிரித்தறியாமல் சென்சாரிலுள்ள நீலநிறத் திருகைத் திருகிச் சரிசெய்தால், பனி விலகியதும் எல்லாம் மறுபடி தவறிவிடும். துடைத்து, உலர விட்டு, அதன்பிறகே திருகைத் தொட வேண்டும் என்ற வரிசை மாறக்கூடாது.

மீயொலி சென்சாரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. குளிரில் ஒலியின் வேகம் குறைவதால் அளவு பிழையாகிறது என்று பழி சுமத்துவது வழக்கம். 15 டிகிரிக் குளிரிலும் ஒரு மீட்டர் தூரத்தில் அப்பிழை ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும், தடையைத் தவிர்க்கும் ரோபோவுக்கு அது பொருட்டே அன்று. உண்மையான காரணம் அதன் இரு வட்டக் கண்களின் வலையில் தங்கும் நீர்த்துளியும் நூலாம்படையும். உலர்ந்த தூரிகை போதும், திரவம் எதையும் அங்கே விடக்கூடாது.

மோட்டாரிலும் சக்கரத்திலும் வேலை எளிது. நீண்ட தலைமுடியும் துணிநூலும் அச்சில் சுற்றி இறுகுவதைச் சிறு கத்தரியால் வெட்டி எடுத்தால், வேகம் குறைந்துவிட்டது என்ற குறை பாதி தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் கியர்ப்பெட்டிக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் கேரளத்து வீடுகளில் இயல்பாகவே வருகிறது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெய், இவ்வூர்க் குளிரில் கியருக்குள் மெழுகாக நின்று மோட்டாரை முக்கவைக்கும், நாளடைவில் பிசினும் ஆகும். சிலிக்கோன் கிரீஸ் சிறிதளவு போதும். செர்வோவின் கையை விரலால் பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே பிளாஸ்டிக் பல் உடையும் என்பதோடு அதைப் பற்றிய அறிவுரை முடிகிறது.

பேட்டரியில் கெடுவது பெரும்பாலும் செல் அன்று, செல்லைத் தாங்கும் பெட்டியின் சுருள்வில்; ஈரத்தில் அது துருப்பிடித்து, மேலே சொன்ன தடைக் கணக்கை இங்கும் தொடங்கி வைக்கிறது. பென்டார்ச் செல்கள் போடும் ரோபோவில் ஆல்கலைன் செல் கசிந்து வெண்பொடி படிந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, உலர்த்த வேண்டும். வெறும் கையால் அப்பொடியைத் தொடக்கூடாது. லித்தியம் செல்லை முழு மின்னேற்றத்தோடும் முழுக் காலியாகவும் வைக்காமல், 3.7 முதல் 3.8 வோல்ட் அளவில் கழற்றித் தனியே வைத்தால் ஆண்டுகள் உழைக்கும்; வீங்கியதையும் உறை கிழிந்ததையும் மறுமுறை மின்னேற்றம் செய்யக்கூடாது.

"குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று கிட் அட்டையில் அச்சிட்டிருக்கும் ஒற்றை வரி இவ்வூர் வீட்டுக்கு உதவாது, ஏனெனில் ஜூலை மாதத்தில் குளிர்ந்த இடம் ஏராளம், உலர்ந்த இடம் ஒன்றுகூட இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கத்திலேயே இருக்க அதற்குள் வைத்து எடுக்கலாமே என்ற எண்ணம் தோட்ட வீடுகளில் எழக்கூடியது. 50 டிகிரியை ஒட்டிய வெப்பமும், பச்சைக்காயிலிருந்து கிளம்பும் நீராவியும், விறகு எரிக்கும் இடத்தில் புகையும் சேர்ந்த அவ்விடம் லித்தியம் செல்லுக்கு ஆபத்தானது, போர்டுக்கும் நன்மையற்றது. அரிசிப் பானைக்குள் புதைப்பதால் தூளும் மாவும் இணைப்புக்குள் ஏறுமேயன்றி வேறு பயனில்லை. இறுகப் பூட்டும் டப்பாவும் அதனுள் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல்லும் மட்டுமே இங்கு பயன்தரும் வழி. சிலிக்கா ஜெல் என்பது ஈரத்தைத் தன் நுண்துளைகளில் பிடித்துவைக்கும் மணி. ஈரம் நிறைந்ததும் நிறம் மாறும், வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு மீளும், பலமுறை பயன்படும். நீலநிற வகையில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்கு ஆரஞ்சு நிற வகையே தக்கது. வறுக்கும் வாணலி சமையலுக்குத் திரும்பக்கூடாது.

துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழைக்கு வேறு எச்சரிக்கை வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் இடுக்கி மலைகளில் இடிமின்னல் கடுமையானது; கணினியோடு யூஎஸ்பி கம்பியால் பிணைந்த ரோபோ, வீட்டு மின்கம்பி வழியே வரும் எழுச்சியைக் கணினியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். வானம் இருண்டதும் நிரலேற்றத்தை நிறுத்திக் கம்பியை உருவிவிட வேண்டும்.

சால்டரிங் செய்து நிலைப்படுத்துவது என்ற பரிந்துரை வீட்டு ரோபோவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் இங்கே வரையறுக்க வேண்டும். பள்ளிக் கிட் ஒரு வகுப்பின் கையிலிருந்து அடுத்த வகுப்பின் கைக்குப் போவது. பிரித்துக் கட்டுவதே அதன் பயன் என்பதால் அதில் பிரெட்போர்டும் ஜம்பர் ஒயரும் தவிர்க்க முடியாதவை. அங்கே வேண்டியது ஒயர்களைக் கருவியின் நிலையான உறுப்பாகக் கருதும் எண்ணத்தை விட்டு, தீர்ந்துபோகும் பொருளாகக் கணக்கிட்டு, மழைக்காலம் முடியும் ஒவ்வொரு முறையும் கெட்டவற்றை நீக்கிப் புதியவை வாங்குவதற்குப் பள்ளியின் செலவுத் திட்டத்தில் ஒரு வரி ஒதுக்குவது. கழித்த ஒயர்களை அதே பெட்டியில் திரும்பப் போடாமல் இரு முனைகளையும் வெட்டிவிட வேண்டும். வெட்டாத ஒயர் எப்படியோ மறுபடி யாரோ ஒரு மாணவரின் சுற்றுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது.